பதினொரு மணிக்கு என் நாற்காலியில்

ஜூன் 2, திங்கள்

ஆதிரை தூங்கிவிட்டாள். லோகு நைட் ஷிப்டுக்குச் சாயப்பட்டறைக்குப் போய்விட்டார். டாக்டரம்மா சொன்னபடி இன்றிலிருந்து எழுதுகிறேன். தூக்கம் வராவிட்டால் மனதில் ஓடுவதை எழுதி மூடி வைத்துவிடச் சொன்னார். எழுதுவது சுலபம். மூடி வைப்பதுதான் நடக்காது.

பிரசவ விடுப்பு முடிந்து பனியன் கம்பெனிக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. இன்று ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்கள் எங்கள் ஆறு பேருடைய கம்ப்யூட்டரிலும் புதிதாக ஒன்றைப் போட்டார்கள். திரையில் நாம் செய்வதையெல்லாம் சில நொடிக்கு ஒருமுறை படம் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். எதை எங்கே விட்டோம் என்று மறந்துபோனால் அதில் தேடலாம். 'விட்ட இடத்திலிருந்து தொடர்' என்று ஒரு பட்டன் இருக்கிறது. எந்த நாளையும் நேரத்தையும் காட்டி அதை அழுத்தினால், அப்போது திறந்திருந்த ஃபைல்கள் அப்போதிருந்த நிலையிலேயே திறந்துகொள்ளும்.

இது உங்கள் ஞாபகத்துக்காகத்தான், உங்களைக் கண்காணிக்க இல்லை என்று மேனேஜர் நடேசன் சார் சொன்னார். ஒரு முறை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். மூன்று முறை சொன்னார்.

இந்த மாதம் முழுக்கச் சோதனையாம். முடிந்ததும் நிர்வாகம் 'பார்த்து முடிவெடுக்கும்' என்றார். எதைப் பார்த்து, என்ன முடிவு என்று யாரும் கேட்கவில்லை. ஆறு பேர் நான்கு பேராகப் போகிறோம் என்று கேன்டீனில் பேச்சு. ஆறில் விடுப்பிலிருந்து வந்தவள் நான் ஒருத்திதான்.

கடைசியாக ஒன்று சொன்னார். ஒருவர் சீட்டில் இன்னொருவர் உட்காரக் கூடாது. எங்களிடம் உடுப்பு வாங்கும் வெளிநாட்டு பையரின் கண்டிப்பான விதி அது. ஏப்ரலில் அக்கவுண்ட்ஸில் ஒரு பையனை இதற்காகத்தான் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார்களாம்.

ஜூன் 4, புதன்

ஒத்துக்கொள்ள வேண்டியதுதான், உபயோகமாக இருக்கிறது.

பிரசவத்துக்குப் பிறகு என் தலைக்குள் யாரோ பாதி விளக்கை அணைத்துவிட்டது போல இருக்கிறது. அடுப்படிக்குப் போய் எதற்கு வந்தோம் என்று நிற்கிறேன். காலை பதினொரு மணிக்கும் மாலையிலும் கீழே குழந்தைகள் காப்பகத்துக்குப் போய் ஆதிரைக்குப் பால் கொடுத்துவிட்டு மாடி ஏறி வருவதற்குள், செய்துகொண்டிருந்த வேலை சுத்தமாக அழிந்துவிடும். இப்போது அது காத்திருந்து எடுத்துக் கொடுக்கிறது. இந்த மெயிலில் இருந்தாய், இந்த வரியில் இருந்தாய் என்று. வீட்டுக்கும் ஒன்று இருந்தால் தேவலை.

அதற்கு 'மாமியார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வைத்தது ரேணுகா அக்கா. செய்ததையெல்லாம் ஞாபகம் வைத்திருந்து சமயம் பார்த்து எடுத்துக் காட்டுமாம், அதனால். "எங்க வீட்டுல ஒண்ணு, இங்க ஒண்ணு, எனக்கு டபுள் ஷிப்டு" என்றார். எல்லாரும் சிரித்தோம். எனக்கு நிஜ மாமியார் இல்லை. லோகு பள்ளிக்கூடம் படிக்கும்போதே அவர் அம்மா போய்விட்டார்.

ரேணுகா அக்கா எனக்கு அடுத்த சீட். நான் விடுப்பில் இருந்த காலம் முழுக்க என் பையர்களையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டது அவர்தான். நான் திரும்பி வந்த அன்று எல்லா ஃபைலையும் ஒரு வார்த்தை சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். நன்றாகப் பழகிய இரண்டு பையர்களை யாராவது அப்படிச் சும்மா திருப்பித் தருவார்களா? லோகுவிடம் கேட்டேன். தந்தால் வாங்கிக்கொள் என்றார். ஆண்களுக்கு இதெல்லாம் புரியாது.

ஜூன் 6, வெள்ளி

ஆதிரைக்குச் சளி. நானும் தூங்கவில்லை. நேற்று ராத்திரி லோகு கொண்டுபோன ஃப்ளாஸ்கில் காபிக்குப் பதில் ரசம். அவர் போனில் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 9, திங்கள்

மேலே தேதியை முதலில் மே என்று எழுதிவிட்டு அடித்துத் திருத்தினேன்.

குழந்தை ரோம்பர் ஆர்டர் எனக்கு வந்திருக்கிறது. கையும் காலும் ஒன்றாகச் சேர்ந்து, கால் இடுக்கில் பிரஸ் பட்டன் வைத்த உடுப்பு. பிறந்த குழந்தையிலிருந்து ஒரு வயது வரை ஐந்து அளவு. போன வருட ஆர்டரேதான், ஆனால் பையர் இந்த முறை அளவுகளைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறான். அவனுடைய மூலத் தாளைப் பார்த்து எங்கள் அளவுத் தாளில் ஒவ்வொரு எண்ணாக அடிக்க வேண்டும். அதை வைத்துத்தான் கட்டிங்கில் துணி வெட்டுவார்கள்.

பதினொரு மணிக்குள் கடைசியாக வரும் கை நீளம் வரை எல்லாவற்றையும் அடித்து முடித்தேன். கீழே போய்விட்டு வந்தேன். கை நீளத்தில் விட்டதாக ஞாபகம். வந்து பார்த்தால் கர்சர் தாளின் தலைப்பில் நிற்கிறது. மாமியாரைக் கேட்டேன். கடைசியாக உடல் நீளத்தில் இருந்தீர்கள் என்கிறது.

எனக்குத்தான் மறந்துவிட்டது என்று நினைத்தேன்.

ரேணுகா அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் பாப்பா குடித்தாளா என்று கேட்டார். குடித்தாள் என்றேன். "நீ ஏதாச்சும் குடிச்சியா?" என்றார். அதற்குள் போன் வந்துவிட்டது.

ஜூன் 11, புதன்

மறதி இல்லை. எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை.

மதியம் எல்லாரும் சாப்பிடப் போனதும் மாமியாரைத் திறந்து, நேற்றும் இன்றும் நான் காப்பகத்தில் இருந்த நேரத்துப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். நான் கீழே ஆதிரையை மடியில் போட்டுக்கொண்டு இருக்கிறேன். மேலே என் திரை நகர்கிறது. பையரின் மூலத் தாள் திறக்கிறது. மூடுகிறது. நான் அனுப்பக் காத்திருந்த மெயில் ஒன்று திறக்கிறது. ஒரு வரி போகிறது, வேறு வரி வருகிறது.

யாரோ என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் யார் என்று மாமியாருக்குத் தெரியாது. திரையைத்தான் படம் பிடிக்கிறது. நாற்காலியைப் பிடிப்பதில்லை. அதைப் பொறுத்தவரை அதெல்லாம் நான்தான்.

என் பாஸ்வேர்ட் யாருக்குத் தெரியும்? விடுப்பில் போகும்போது நானே ஒருத்தருக்குத்தான் சொல்லிவிட்டுப் போனேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் லோகுவை எழுப்பிச் சொன்னேன். கண் சொருகிக்கொண்டிருந்தது அவருக்கு. "கேட்டுப் பாத்துரு தாரணி. பக்கத்து சீட்டுதானே" என்றார். கேட்டால் உஷாராகிவிடுவாள் என்றேன். "எப்ப இருந்து 'ள்' ஆனாங்க அக்கா?" என்று கேட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார்.

ஜூன் 12, வியாழன்

இன்று நடேசன் சார் அறையில் அவள் வெகுநேரம் இருந்தாள். கண்ணாடிக் கதவு. சத்தம் வராது, வாய் அசைவது மட்டும் தெரியும். நடேசன் சார் விரலை நீட்டி வெளியே காட்டினார். என் பக்கம்தான் காட்டினார். அவள் தலையை ஆட்டி ஆட்டி என்னவோ சொன்னாள்.

வெளியே வந்ததும் நேராக என்னிடம் வந்து, "நீ ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கறே புள்ள?" என்று கேட்டாள்.

என் தூக்கத்தைத் தெரிந்துகொண்டு இவளுக்கு என்ன ஆக வேண்டும்? நன்றாகத் தூங்குகிறேன் என்று சொன்னேன்.

ஜூன் 13, வெள்ளி

பார்த்துவிட்டேன்.

பதினொரு மணிக்குக் கீழே போனேன். போன உடனே திரும்பிவிடலாம் என்று ஆதிரையை மார்பிலிருந்து எடுத்தேன். காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் மரகதம் அம்மாள் அதட்டினார். "குடிச்சிட்டிருக்கற புள்ளைய ஏன் புடுங்கறே? அப்படி என்ன மேல தீப்பிடிச்சிருச்சு?" ஆதிரை அழ அழ அவர் கையில் கொடுத்துவிட்டு ஓடினேன்.

மாடிப்படித் திருப்பத்தில் கண்ணாடி வழியாக எங்கள் ஹால் தெரியும். என் நாற்காலியில் ரேணுகா. பேனாவைக் கொண்டைக்குள் செருகிக்கொண்டு, என் திரையை முறைத்துப் பார்த்துக்கொண்டு, வீட்டில் உட்கார்வது போல உட்கார்ந்திருக்கிறாள்.

உள்ளே போய்ச் சண்டை போட்டிருக்கலாம். போகவில்லை. அவளுக்கு நடேசன் சார் இருக்கிறார். எனக்கு என்ன இருக்கிறது? படியில் நின்று மூச்சு வாங்கிவிட்டு, திரும்பக் கீழே போனேன். அதற்குள் ஆதிரை அழுது தூங்கிப்போயிருந்தாள்.

சாயங்காலம் மாமியாரில் இருந்த படங்களை என் போனில் எடுத்து வைத்துக்கொண்டேன். மாதக் கடைசியில் என் பேரை எடுக்க வந்தால் காட்டுவதற்கு. இந்த வேலை போனால் லோகு சம்பளம் மட்டும்தான். சாயப்பட்டறை மாதத்தில் பாதி நாள்தான் ஓடுகிறது.

ஜூன் 14, சனி

அவள் எனக்கென்று வீட்டிலிருந்து உளுந்து வடை கொண்டுவந்தாள். பால் ஊறுமாம். சாப்பிடவில்லை. பையில் போட்டு வந்து லோகுவுக்குக் கொடுத்தேன். நன்றாக இருந்ததாம்.

ஜூன் 16, திங்கள்

இன்றைக்கு மனது தெளிவாக இருக்கிறது.

ரோம்பர் அளவுத் தாளை மதியத்துக்குள் கட்டிங்குக்கு அனுப்பச் சொல்லிவிட்டார் நடேசன் சார். வழக்கமாக ஒவ்வொரு அளவிலும் ஒரு பீஸ் தைத்துப் பார்த்த பிறகுதான் மொத்தமாக வெட்டுவோம். இது பழைய ஆர்டர்தானே, கப்பல் தேதி நெருங்குகிறது, அதெல்லாம் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

அனுப்பும் முன் சந்தேகம் வந்தது. போன திங்கட்கிழமை நான் கீழே போவதற்கு முன் இருந்த படத்தை மாமியாரில் எடுத்து, இப்போதைய தாளோடு வைத்துப் பார்த்தேன். நான் அடித்த எண்கள் இல்லை. இரண்டாவது அளவிலிருந்து கடைசி வரை எல்லாம் மாறியிருக்கிறது. அங்கொன்றும் இங்கொன்றும் இல்லை, வரிசையாக.

எல்லாம் விளங்கிவிட்டது. என் தாளில் எண்களை மாற்றிவிட்டு, தப்பாக வெட்டியதும் 'தாரணி அனுப்பியது' என்று காட்டத் திட்டம். நான்கு பேர் லிஸ்டில் அவள் இருப்பாள், நான் இருக்க மாட்டேன். எவ்வளவு பொறுமையாக வலை பின்னியிருக்கிறாள்.

போன திங்கட்கிழமைப் படத்தில் வைத்து 'விட்ட இடத்திலிருந்து தொடர்' அழுத்தினேன். என் எண்கள், நான் அடித்தது அடித்தபடி வந்து உட்கார்ந்தன. சேமித்தேன். பாஸ்வேர்டை மாற்றினேன். கட்டிங்குக்கு அனுப்பினேன்.

மூலத் தாளோடு இன்னொரு தரம் ஒத்துப் பார்க்கலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. நேரமில்லை. தவிர, நான் அடித்ததற்குத்தான் படமே இருக்கிறதே.

ஆதிரை இன்று சீக்கிரம் தூங்கிவிட்டாள். நானும் தூங்கப் போகிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

பதினொரு மணிக்குப் போய்விட்டு வந்தால், அவள் என் நாற்காலியின் பின்னால் நிற்கிறாள். திரை, பாஸ்வேர்ட் தவறு என்று காட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் தன் சீட்டுக்குப் போனாள்.

"பாஸ்வேர்ட் மாத்திட்டியா?"

"ஏனுங்க்கா, மாத்தக் கூடாதா?"

இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆகியிருக்கிறது. சொன்னதும் நன்றாக இருந்தது.

அவள் தன் நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். பிறகு அந்த ரோம்பர் தாள் கட்டிங்குக்குப் போய்விட்டதா என்று கேட்டாள். நேற்றே போய்விட்டது என்றேன். எந்தத் தாள் என்று கேட்டாள். என் தாள் என்றேன்.

முகம் செத்துவிட்டது. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியில் ஓடினாள். நடேசன் சாரிடம் சொல்லத்தான் ஓடுகிறாள் என்று நினைத்தேன். ஆனால் அவர் அறை எங்கள் மாடியில்தான் இருக்கிறது. ஒருவேளை கீழே நின்று போனில் பேசினாளோ என்னவோ. திரும்பி வந்தபோது தலைமுடியிலும் தோளிலும் வெள்ளையாகத் துணிப் பஞ்சு ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிடக்கூட இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஜெயித்துவிட்டேன் என்று தோன்றியது. ஏனோ சாப்பிட முடியவில்லை.

ஜூன் 18, புதன்

கட்டிங் மாஸ்டர் ராசு அண்ணன் தைத்த பீஸ் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். ஆறு முதல் ஒன்பது மாதம் என்று லேபிள் வைக்க வேண்டிய பீஸ். "கையில புடிச்சாலே சின்னதாத் தெரியுதுங்க அம்மிணி. நீங்களே ஒருக்கா பாருங்க" என்றார். தாளில் உள்ளபடிதான் இருக்கும் என்றேன். தாளில் உள்ளபடிதான் வெட்டியிருக்கிறோம் என்றார். ராத்திரி ஷிப்டிலேயே முழுக்க வெட்டி முடித்தாயிற்றாம்.

பிடுங்காத குறையாக அதை வாங்கிக்கொண்டு காப்பகத்துக்குப் போனேன். ஆதிரைக்கு ஏழு மாதம். அவளுக்குச் சரியாக இருக்க வேண்டும். தலை நுழைந்தது. கை நுழைந்தது. கீழே இழுத்தால் பிரஸ் பட்டன் இரண்டு பக்கமும் எட்டவே இல்லை. நான் இழுத்தேன். அவள் முதுகை வளைத்துக்கொண்டு கத்தினாள். மரகதம் அம்மாள் என் கையைப் பிடித்து விலக்கினார். "இது சின்னப் புள்ளைக்குத் தெச்சதாச்சே. இவளுக்கு ஏன் மாட்டறே?"

அப்போதும் ரேணுகா செய்த வேலை என்றுதான் நினைத்தேன். மேலே வந்து, அடித்த பிறகு முதன்முறையாகப் பையரின் மூலத் தாளைத் திறந்து பக்கத்தில் வைத்தேன்.

முதல் அளவின் எண்களை இரண்டு தடவை அடித்திருக்கிறேன். அதனால் கீழே எல்லா எண்ணும் ஒரு வரிசை இறங்கிவிட்டது. முதல் அளவைத் தவிர எல்லாம் ஒரு அளவு சின்னது. மாமியாரில் படம் இருக்கிறது. ஒன்பதாம் தேதி திங்கட்கிழமை, பதினொரு மணிக்கு முன்னால். நான் சீட்டில் இருந்த நேரம். நான் அடித்தது.

இன்று இதற்கு மேல் எழுத முடியவில்லை.

ஜூன் 19, வியாழன்

பதினொரு மணிக்கு நான் கீழே போனபோது ரேணுகா அக்காவும் பின்னாலேயே வந்தார். காப்பகத்து வாசலில் செருப்பை விட்டுவிட்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஆதிரை அவர் கண்ணாடியைப் பிடித்து இழுத்தாள். இழுக்க விட்டார்.

எத்தனை நாளாகத் திருத்துகிறீர்கள் என்று கேட்டேன். நான் வந்த முதல் வாரத்திலிருந்து என்றார், மாமியார் வந்த பிறகுதான் என் சீட்டிலிருந்தாம். மெயிலில் பையர் பெயரை மாற்றி எழுதியிருக்கிறேனாம். ஒரு தடவை பிரிண்ட் யூனிட்டுக்குப் போக வேண்டியதை எம்ப்ராய்டரிக்கு அனுப்பப் பார்த்தேனாம்.

"உங்க சீட்ல இருந்தே திருத்தியிருக்கலாம்ல. என் சீட்ல எதுக்குங்க்கா?"

"என் சீட்ல இருந்து திருத்துனா, தாரணி தப்பை ரேணுகா சரி பண்ணுனான்னு மாமியார் பதிஞ்சு வெச்சிரும். உன் சீட்ல இருந்து திருத்துனா, தாரணியே பாத்து சரி பண்ணிக்கிட்டான்னு பதியும். மாசக் கடைசியில அவங்க எதைப் பாப்பாங்க?"

என்னிடம் வாயால் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"முதல் வாரத்துல ஒண்ணு சொன்னேன். நீ பாத்ரூம்ல போய் நின்னுக்கிட்டு வெளிய வரவே இல்ல. அப்புறம் எங்கிட்ட பேசறதையே விட்டுட்டே. வடையைத் திங்காம பையில போட்டுட்டுப் போறே. உங்கிட்ட என்னன்னு சொல்றது?"

நடேசன் சார் அறையில் என்ன பேசினார் என்றும் கேட்டுவிட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. ஆறு பேரில் யார் இல்லாமல் சமாளிக்க முடியும் என்று அவர் கேட்டாராம். யார் இல்லாமலும் முடியாது என்று சொன்னாராம்.

எனக்காக எதற்கு இவ்வளவும் என்றேன்.

"உனக்காகன்னு யார் சொன்னா? ஆறு மாசம் ரெண்டு பேர் வேலையை ஒருத்தியாப் பாத்தேன். நீ போயிட்டா மறுபடியும் என் தலையிலதான் கட்டுவாங்க. எனக்கு முடியாதுப்பா."

சரியான காரணம்தான். இருந்தாலும் இவ்வளவு லேசாகச் சொல்கிறாரே என்று தோன்றியது.

அன்றைக்கு அவர் கட்டிங்குக்குத்தான் ஓடியிருக்கிறார். அதற்குள் எல்லாம் வெட்டியாகிவிட்டது. அதோடு விடாமல் நேற்றுச் சாயங்காலம் அவரும் ராசு அண்ணனும் உட்கார்ந்து ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். இரண்டாவதிலிருந்து எல்லாம் ஒரு அளவு சின்னது என்பதால், அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு அளவு குறைத்து லேபிள் வைத்துவிடலாம். கடைசிப் பெரிய அளவுக்கு மட்டும் புதிதாகத் துணி வேண்டும். முதல் அளவு மிஞ்சும். அதைக் கேட்கத்தான் நடேசன் சாரிடம் போக வேண்டும். போனால் எப்படி நடந்தது என்று அவர் மாமியாரைத் திறப்பார்.

"கேட்டா நான்னு சொல்லிரு" என்றார் ரேணுகா அக்கா. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு என்னைப் பார்க்காமல் போய்விட்டார். அவர் வீட்டுக்காரருக்கு முதுகெலும்பு ஆபரேஷன் ஆகி வீட்டில் இருப்பது ஆபீஸில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இந்த இரண்டு வாரத்தில் அது ஒரு தரம்கூட எனக்கு நினைவுக்கு வரவில்லை.

ஜூன் 20, வெள்ளி

நடேசன் சார் அறைக்கு நான் தனியாகப் போனேன்.

திரையை என் பக்கம் திருப்பி வைத்தார். எல்லாவற்றையும் ஏற்கெனவே வரிசையாக எடுத்து வைத்திருந்தார். கண்காணிக்க இல்லையாம்.

"ஏம்மா, பதினொரு மணிக்கு நீ கீழ பாப்பாகிட்ட இருப்பே. எனக்கும் தெரியும், வாட்ச்மேனுக்கும் தெரியும். அந்த நேரத்துல உன் மிஷின்ல நம்பர் மாறியிருக்குது. அப்புறம் நீ திருப்பி மாத்தியிருக்கே. யாரு உக்காந்தாங்கன்னு சொல்லிரு. ஆள் மாறி உக்காந்த குழப்பத்துல நடந்ததுன்னு எழுதிக்கறேன். உன் மேல வராது."

என் போன் கையில் இருந்தது. நான் எடுத்து வைத்த படங்கள் அதில் இருந்தன. ஒரு பெயர்தான் சொல்ல வேண்டும். போன வெள்ளிக்கிழமை படியில் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன் என்று சொன்னால் போதும், என் வேலை நிற்கும். இது ஒரு சோதனையோ, ரேணுகா அக்கா முன்பே வந்து எல்லாம் சொல்லிவிட்டாரோ என்றுகூட ஓடியது.

திரையைப் பார்த்தேன். எண்கள் மட்டும்தான் இருந்தன. கொண்டையில் பேனா இல்லை. யாருடைய முகமும் இல்லை.

"நான்தானுங்க சார்."

"பால் குடுக்கப் போகலையா?"

"சில நாள் போகலைங்க. அவ இப்ப கஞ்சி குடிக்கறா."

"நீயே சரி பண்ணிட்டு, நீயே மறுபடி தப்பாக்குனியா?"

"ஆமாங்க சார். தூக்கம் பத்தறதில்லைங்க."

சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. மற்றதற்கெல்லாம் மாமியார் எனக்குச் சாட்சி.

அவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். நம்பினாரா என்று தெரியவில்லை. நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன். விசாரணை என்று மேலே போனால், பீஸ் தைத்துப் பார்க்காமல் வெட்டச் சொன்னது யார் என்று முதல் கேள்வி அவரிடம்தான் வரும். அவருக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. கிடைத்துவிட்டது.

லேபிள் மாற்ற ஒத்துக்கொண்டார். பெரிய அளவுக்குத் துணி எடுக்கக் கையெழுத்துப் போட்டார். ரோம்பர் ஆர்டர் இனி ரேணுகாவிடம். எனக்கு எச்சரிக்கைக் கடிதம். பிறகு, மூடிய பேனாவைத் திறக்காமலே சொன்னார். "கீழ போகாமலே சமாளிக்கறேன்னா அந்த பதினொரு மணி பிரேக் உனக்கு வேண்டியதில்ல. எச்.ஆர்ல சொல்லிர்றேன். சாயங்காலம் மட்டும் போய்க்க."

சட்டப்படி அதை அவர் எடுக்க முடியாது. ஆனால் போகவில்லை என்று சொன்னது நான்தானே.

மாதக் கடைசியில் என் பேர் இருக்குமா என்று கேட்டேன். இப்போதைக்கு இருக்கிறது என்றார். இப்போதைக்கு என்றால் எதுவரை என்று கேட்கவில்லை.

ஜூன் 21, சனி

பதினொரு மணிக்கு உடம்புக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டது. துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கீழே ஆதிரை அழுகிறாள் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. மூன்று மாடி ஏறிச் சத்தம் வராது என்று தெரியும். இருந்தாலும் கேட்டது.

காலையிலேயே பாட்டிலில் பால் எடுத்து மரகதம் அம்மாளிடம் கொடுத்திருந்தேன். முதலில் துப்பினாளாம். அப்புறம் கோபத்தோடு குடித்தாளாம். "உன்னை மாதிரியே மொறைக்கறா" என்று சாயங்காலம் சொன்னார்.

ரேணுகா அக்கா என்னிடம் நன்றி சொல்லவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. மதியம் சாப்பிட்டுக் கை கழுவும் இடத்தில் பக்கத்தில் வந்து நின்றார். குழாயைத் திறந்துவிட்டபடியே பேசினார்.

"இனிமே உன் சீட்ல உக்கார மாட்டேன். தப்புப் பண்ணுனா வாயால சொல்றேன். அழுவியா?"

"அழுவேனுங்க்கா."

"அழுதுக்கோ. அழுதுட்டு வந்து திருத்து."

உடனே அங்கேயே ஆரம்பித்துவிட்டார். இன்று காலையில் மட்டும் மூன்று தப்பாம். அனுப்பிய மெயிலில் கப்பல் தேதி போன மாதத்துத் தேதி. அது சரிதான், மேலே வந்து பார்த்துத் திருத்தினேன். பட்டன் ஆர்டரில் நிறத்தை மாற்றி எழுதியிருக்கிறேன். அதற்கு அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு போய் அதையும் திருத்தினேன். என் மிஷினில், என் கையால்.

மூன்றாவது, உடுப்பை மடித்துப் போடும் பாலிபேக் உறையின் அளவு தப்பு என்றார். அது தப்பில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவருக்குப் பழைய அளவு ஞாபகத்தில் இருக்கலாம். திருத்துகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் திங்கட்கிழமை போனதும் முதல் வேலையாகப் பையரின் மூலத் தாளை எடுத்து, நானே ஒரு தரம் பார்த்துவிடப் போகிறேன்.